முதல் கொழந்தைக்கு எடை கம்மியான ஸ்ட்ரோலர், எதை வாங்கறதுங்க?

6 ஆகஸ்ட் 2023 (கேள்வி)

எனக்கு இது ஏழாம் மாசமுங்க, மொத கொழந்தை. பொறந்த வூடு கோபி பக்கம், இப்ப கோயமுத்தூரு சரவணம்பட்டில வாடகை வூடு, ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது. வூட்டுக்காரரு அஞ்சு கிலோவுக்குள்ள ஒரு ஸ்ட்ரோலர் பாத்து வெச்சிருக்காரு, எட்டாயிரம் சொச்சம். மாமியாரு "இடுப்பு எதுக்கு இருக்குது"ங்கறாங்க. அஞ்சு கிலோ வண்டி போதுமா, இல்ல கொஞ்சம் கனமாவே பாக்கோணுமா? வாங்கி ஏமாந்தவங்க சொல்லுங்க, வாங்காதவங்க சொல்ல வேண்டாம்.

7 ஆகஸ்ட் 2023, காலைல

வாங்கி ஏமாந்தவன் வந்துட்டேனுங்க.

என்ற பாப்பாவுக்கு இப்ப ஒம்பது மாசம். கணபதில லேத்து பட்டறை, அதுக்கு ரெண்டு தெரு தள்ளி மூணாவது மாடில குடியிருக்கறோம். லிஃப்டுக்குன்னு ஒரு பள்ளம் மட்டும் கட்டி வெச்சுட்டு ஓனரு காசு தீந்துபோச்சுன்னுட்டாரு, அஞ்சு வருசமா அதுக்குள்ள புறாதான் குடியிருக்குது. அதனால எடையைப் பத்திப் பேச எனக்குத் தகுதி இருக்குதுங்க, மத்ததெல்லாம் அப்பறம்.

நாங்க வாங்குன டப்பா மேல 5.8 கிலோன்னு போட்டிருந்துச்சு. பட்டறைல காஸ்டிங் எடை போடற மெஷின்ல தூக்கி வெச்சேன், 6.9 காட்டுது. ஏன்னு பாத்தா டப்பால போடறது பல சமயம் வெறும் கூட்டோட எடை, மேல வர்ற குடை, முன்னால கொழந்தை புடிச்சுக்கற கம்பி, கீழ கூடை, மெத்தை எல்லாம் சேத்தா அது வேற. சரி ஒரு கிலோதானேன்னு தோணும். கணக்குப் பண்ணுங்க. பொறக்கறப்ப மூணு கிலோ இருக்கற கொழந்தை அஞ்சு மாசத்துல ரெண்டு மடங்கு, ஒரு வருசத்துல மூணு மடங்குன்னு டாக்டருங்க ஒரு குத்துமதிப்பு சொல்லுவாங்க. ஒம்பது கிலோ கொழந்தை, ஏழு கிலோ வண்டி, ரெண்டு கிலோ பையி, ஆக 18 கிலோ. முக்கா சிப்பம் அரிசிய ஒரு கைல புடிச்சுட்டு மூணு மாடி ஏறற மாதிரி, அதுலயும் இந்த அரிசி நெளிஞ்சு நெளிஞ்சு அழுகும். என்ற முதுகு இப்ப என்ற பேச்சைக் கேக்கறதில்ல.

எடை கம்மியா எது கெடைச்சாலும் கண்ண மூடிட்டு வாங்குங்க. நாலு கிலோல வந்தா நாலு கிலோ.

7 ஆகஸ்ட் 2023, ராத்திரி

திருத்தமுங்க. 6.9 இல்ல, 6.3. எடை போட்டப்ப கூடைக்குள்ள பால் பாட்டிலு, ஒரு நாப்கினு, அதுக்கு அடியில என்ற 14-15 ஸ்பேனரு இருந்திருக்குது. ரெண்டு மாசமா அந்த ஸ்பேனரத் தேடி பட்டறைப் பையன் மேல சந்தேகப்பட்டு அவன் ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சுட்டு இருந்தான். டப்பாக்காரன் அடிச்சது அரை கிலோதான். மன்னிச்சுக்குங்க, ரெண்டு பேரும்.

9 ஆகஸ்ட் 2023

படுத்துட்டே ரோசனை பண்ணப்பத்தான் தெரிஞ்சுது, கேள்வியவே நான் ஒழுங்கா படிக்கல. உங்களுக்கு ஏழாம் மாசம். வளைகாப்பு முடிஞ்சு கோபிக்குப் போனா, கொழந்தை பொறந்து மூணோ அஞ்சோ மாசம் கழிச்சுத்தான் சரவணம்பட்டிக்கு வருவீங்க. அதுவரைக்கும் அம்மாயி, சித்தி, பக்கத்து வூட்டு அக்கான்னு பத்து இடுப்பு வரிசையா நிக்கும், வண்டிக்கு வேலையே இல்ல. இப்பவே வாங்குனா வாரண்டில பாதி அட்டாலியிலயே தீந்துரும். எங்களுது அப்படித்தான் தீந்துச்சு.

இன்னொண்ணு, இதுதான் முக்கியம், இதச் சொல்லாம எடையப் பத்தி அத்தன பேசுனதுக்கு என்னை ரெண்டு அப்பு அப்பலாம். நாலு கிலோல வந்தா நாலு கிலோன்னு எழுதுனேன்ல, அத அடிச்சுப்போடுங்க. அந்த எடைல வர்ற வண்டி பலதுல சீட்டு முழுசா படுக்காது, ஏதோ ஈஸிசேர் மாதிரி சாஞ்சு நின்னுக்கும். கழுத்து நிக்காத கொழந்தைய அதுல வெச்சா தல முன்னால தொங்கி நாடி நெஞ்சுல முட்டும், மூச்சுப் போற வழி மடங்கிரும். பச்சக் கொழந்தைக்குன்னா மட்டமா படுக்கற சீட்டுதான் வேணும். குடை மாதிரி மடங்கற ஒல்லி வண்டியெல்லாம் ஆறு மாசத்துக்கு மேல, கொழந்தை தானா ஒக்காரற காலத்துக்கு. அப்பறம் வண்டில தூங்கிப்போச்சுன்னா தூங்கட்டும்னு ராத்திரி முச்சூடும் அதுலயே போட்டு வெக்கறது வேண்டாமுங்க, வூட்டுக்கு வந்தா எடுத்து மட்டமான எடத்துல படுக்கப் போட்டுருங்க.

எங்கம்மா மூணு மாசம் வரைக்கும் வண்டிய கிட்டவே விடல. பொட்டில இருந்து பழைய நூல் சீலைய எடுத்து உத்தரத்துல தொட்டில் கட்டிட்டாங்க. ஆட்டறதுக்கு ஒரு ஆளு கயித்தப் புடிச்சுட்டு ஒக்காரோணும், அது பொதுவா எங்கப்பா. கொழந்தை தூங்குதோ இல்லியோ அவரு தூங்கிருவாரு.

13 ஆகஸ்ட் 2023

ஒருத்தரு தனியா கேட்டாரு, கடைல போயி என்னத்தப் பாக்கறதுன்னு. பாக்கெட்ல ஒரு காந்தம் போட்டுட்டுப் போங்க.

சிரிக்காதீங்க. நேத்து என்ற சகலை அவரு பையனுக்கு வண்டி பாக்கப் போறேன்னாரு, நானும் ஒட்டுக்கா போனேன். கடைக்காரரு "முழுக்க அலுமினியமுங்க சார், ஏரோப்ளேன் மெட்டீரியலு"ன்னு ஒரு வண்டிய உருட்டிக் காட்டுனாரு. காந்தத்த எடுத்து பைப்பு மேல வெச்சேன், நச்சுனு ஒட்டிக்கிச்சு. அலுமினியத்துல காந்தம் ஒட்டாதுங்க. இரும்பு அதவிட மூணு மடங்கு கனம், ஒரு கன செண்டிமீட்டர் அலுமினியம் 2.7 கிராம்னா இரும்பு 7.85. அவரு உடனே "அது உள்ள மட்டும் சார்"ன்னாரு. பைப்புக்கு உள்ளயும் வெளியயும் வேற வேற சாமான் போடற வித்தை இத்தன வருசத்துல எனக்குத் தெரியாமப் போச்சு.

ஆனா இரும்புன்னா மட்டம்னு நெனைக்காதீங்க. மெல்லிசு இரும்பு பைப்பு நல்லாவே ஒழைக்கும், தண்ணி பட்ட எடத்துல துருப் புடிக்கும், அவ்வளவுதான். அலுமினியத்துல பாக்க வேண்டியது ரிவிட் அடிச்ச எடம். பைப்ப அங்க நசுக்கித் தட்டையாக்கி ஓட்டை போட்டிருந்தா நாளாக ஆக அங்கதான் வெடிப்பு விடும். வண்டிய விரிச்சு நிறுத்திட்டு கைப்பிடிய ரெண்டு கைலயும் புடிச்சு லேசா முறுக்குங்க. ஆட்டம் கொஞ்சம் எல்லாத்துலயும் இருக்கும். டக் டக்குனு சத்தம் வந்தா வெச்சுட்டு வந்துருங்க. பெல்ட்டு அஞ்சு முனைல மாட்டறதா இருக்கோணும், ரெண்டு தோளு, ரெண்டு இடுப்பு, காலுக்கு நடுவுல ஒண்ணு. வெறும் இடுப்பு பெல்ட்டுன்னா கொழந்தை கீழ வழுக்கிட்டு வந்துரும், எழுந்து நிக்கக் கத்துக்கிச்சுன்னா மேல வழியா வந்துரும்.

ஏரோப்ளேன்னு கடைக்காரரு அடிச்சு விட்டாலும் அதுக்குப் பின்னால நெசமாவே ஒரு கதை இருக்குதுங்க. இந்த மடங்கற ஒல்லி வண்டிய மொதல்ல வரைஞ்சவரு ஓவன் மெக்லாரன்னு இங்கிலாந்துக்காரரு, ஸ்பிட்ஃபயர் போர் விமானத்துக்கு கீழ எறங்கற சக்கரக் கட்டு இருக்குதுல்ல, அந்த வேலை செஞ்சவரு. மக மாஸ்கோல இருந்து கைக்கொழந்தையோட வந்தப்ப கொழந்தையப் படுக்க வெச்சுத் தள்ளற அந்தக் கால பெரிய பிராமு வண்டிய இழுத்துட்டுத் திரிஞ்சு அவதிப்பட்டதப் பாத்துட்டு, விமானச் சக்கரம் உள்ள மடங்கற மாதிரி வண்டியே மடங்கட்டும்னு 1965ல அலுமினிய பைப்புல ஒண்ணு பண்ணுனாரு. எடை ஆறு பவுண்டு, நம்ம கணக்குல 2.7 கிலோ. 1967ல விக்க ஆரம்பிச்சாங்க. குடையும் இல்ல கூடையும் இல்ல, பைப்பும் துணியும் மட்டும். இப்ப நாம கேக்கற குடை, கூடை, மெத்தை, செல்போன் வெக்கற குழி எல்லாத்தையும் ஏத்தி ஏத்தி ஏழு கிலோவாக்கிட்டு எடை கம்மியா இல்லியேன்னு அழுகறோம்.

அதுக்கும் முந்தி 1733ல வில்லியம் கென்ட்னு ஒருத்தரு டெவன்ஷயர் பிரபு வூட்டுக் கொழந்தைங்களுக்கு ஒரு வண்டி செஞ்சு குடுத்தாரு, ஆடோ குட்டிக் குதிரையோ இழுக்கற மாதிரி. நம்ம பக்கம் ஆட்டுக்குப் பஞ்சமில்ல, பாத்துக்குங்க.

13 ஆகஸ்ட் 2023, பொழுதோட

"நம்ம ரோட்டுல ஸ்ட்ரோலரா, காசு எச்சா இருக்குதா"ன்னு கேட்டவருக்கு: காசு இல்லீங்க. ரோடும் இல்ல. அது நெசம்தான்.

27 ஆகஸ்ட் 2023

ரோட்டுக்காரரு சொன்னது மனசுல உறுத்திட்டே இருந்துச்சு, அதனால ரெண்டு வாரம் எங்கெங்க வண்டி உருளுதுன்னு கவனிச்சேன்.

ரேஸ்கோர்ஸ் நடைபாதைல வெண்ணெயா போகும். உக்கடம் பெரிய குளத்துக் கரைலயும் அப்படித்தான், பொழுது சாஞ்சா கொசு அள்ளிட்டுப் போயிரும், வலை வேணும். புரூக்ஃபீல்ட்ஸ், புரோசோன் மாதிரி மாலுக்குள்ள சொல்லவே வேண்டாம். எங்களுக்கு ரொம்ப ஒதவுனது தடுப்பூசி போடப் போற எடம், ரெண்டு மணி நேரம் காத்துக் கெடக்கறப்ப கை ஓய்ஞ்சு போகும், அங்கதான் இந்த வண்டி சாமி மாதிரி.

ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு, தீவாளிக்கு முந்துன ஞாயித்துக்கிழமை, பேசவே வேண்டாம். பேரூர் கோயிலுக்கு எடுத்துட்டுப் போனோம், வாசல் படியத் தாண்டறதுக்குள்ள நாலு பேரு கை குடுத்தாங்க, அஞ்சாவதா ஒரு அம்மா "கொழந்தைய தூக்கிக்க கண்ணு, வண்டிய நான் பாத்துக்கறேன்"னாங்க. அவங்க பூ விக்கறவங்க. வெளிய வந்து பாத்தா வண்டில பூக்கூடை ஒக்காந்திருக்குது.

சக்கரத்துக்கு ஒரு கணக்கு சொல்றேன். தடை ஒசரம் சக்கரத்தோட ஆரத்துக்கு மேல போனா எந்தச் சக்கரமும் தானா ஏறாது, நடைமுறைல அதுல பாதி ஏறுனாலே பெருசு. எடை கம்மி வண்டில சக்கரம் அஞ்சு இஞ்சுன்னா ஆரம் ரெண்டரை, அதுல பாதி ஒண்ணேகாலு. பேவர் பிளாக்கு ஒண்ணு தூக்கிட்டு நின்னாப் போதும், முன் சக்கரம் மாட்டி கொழந்தை சாமி கும்பிடும். அதனால படி, மேடு வந்தா முட்டித் தள்ளாதீங்க, வண்டியத் திருப்பி பின் சக்கரத்த மொதல்ல ஏத்தி பின்னாலயே இழுத்துட்டுப் போங்க. ஜல்லி கெடக்கற எடத்துல முன் சக்கரம் சுத்தாம இருக்க ஒரு பூட்டு இருக்கும், அத அமுத்திக்குங்க, நான் அத ஆறு மாசம் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சேன். லேத்து ஓட்டறவன்.

17 செப்டம்பர் 2023

பெரிய சக்கரம் வேணும்னா பெரிய வண்டியே வாங்கலாமேன்னு ஒருத்தரு கேட்டிருக்காரு. வாங்க வேண்டாம், எங்ககிட்ட இருக்குது, வந்து எடுத்துட்டுப் போங்க.

பாப்பாவுக்கு காது குத்தறப்ப கொடுமுடில இருந்து மச்சான் தாய்மாமன் சீர் கொண்டாந்தாரு. தட்டு வரிசை, பழம், பட்டுச்சட்டை, கொலுசு, கடைசியா ரெண்டு பேரு முன்னாலயும் பின்னாலயும் புடிச்சுட்டு ஒரு பிராமு வண்டி, அதுக்கு மாலை வேற. மண்டபத்துல அத்தன பேரும் கொழந்தைய விட்டுப்போட்டு அதத்தான் பாத்தாங்க. 13 கிலோ. அது எங்க மாடிப்படி திருப்பத்துல திரும்பல. படுக்க வெச்சோம், நிறுத்தி வெச்சோம், சக்கரத்தக் கழட்டுனோம், மச்சான் மூஞ்சி சுண்டிப்போச்சு. கடைசில காங்கயத்துப் பக்கம் எங்க ஊருக்கே கொண்டு போயிட்டோம். அங்க இட்டேரில, ரெண்டு வேலிக்கு நடுவுல போற மண் தடத்துல, அது ராசா மாதிரி உருளுது. எங்கப்பா பேத்தி இல்லாத நாள்ல தேங்காய் ஏத்திட்டு வர்றாரு.

2 நவம்பர் 2023

கேள்வி கேட்ட கோபி தங்கச்சிக்கு பையன், 2.9 கிலோவாம். நல்லா இருக்கட்டும் ரெண்டு பேரும். வண்டிய இப்ப யாரும் ஞாபகப்படுத்தாதீங்க, தூங்கட்டும்.

21 ஜனவரி 2024

பொங்கலுக்கு ஊருக்குப் போன எடத்துல என்ற வூட்டுக்காரி இந்த இழைய மேல இருந்து கீழ வரைக்கும் படிச்சுப்போட்டா. படிச்சு முடிச்சுட்டு ஒரே கேள்வி. "இத்தன எழுதியிருக்கறீங்களே, அந்த வண்டிய மூணு மாடி நீங்க எத்தன வாட்டி தூக்கியிருக்கறீங்க?"

எண்ணிப் பாத்தேன். ஞாயித்துக்கிழமை மட்டும். அதுலயும் பாதி ஞாயிறு பம்ப்செட்டு ஆர்டருன்னு பட்டறைல கெடந்திருக்கறேன். கடைசியா தூக்குனது ஆயுத பூஜை அன்னிக்கு. அவ தெனமும் பொழுதோட ஒரு எறக்கம் ஒரு ஏத்தம். அதனால மொத குறிப்புல "என்ற முதுகு"ன்னு வர்ற எடத்தையெல்லாம் "அவ முதுகு"ன்னு மாத்திப் படிச்சுக்குங்க.

அப்பறம் இன்னொண்ணு சொன்னா. தீவாளிக்குப் பொறவு வண்டி மூணாவது மாடிக்கே வரலையாம். கீழ் வூட்டு ஆத்தாகிட்ட கேட்டுட்டு படிக்கு அடியில சைக்கிள் செயின் போட்டு ஜன்னல் கம்பியோட பூட்டி வெச்சிருக்கறா. ரெண்டு மாசத்துக்கு மேல. நான் தெனமும் அந்த வழியாத்தான் போறேன் வர்றேன், பாக்கவே இல்ல. இங்க வந்து கிலோக்கணக்கு எழுதிட்டு இருந்திருக்கறேன்.

அதனால தங்கச்சி, வண்டி பாக்கறதுக்கு முன்னால படிக்கு அடியப் பாருங்க. பூட்டி வெக்க எடம் இருந்தா ஏழரை எட்டு கிலோ வரைக்கும் போகலாம், சக்கரம் நல்லதா கெடைக்கும், சீட்டு மட்டமா படுக்கும். எடம் இல்லீன்னாத்தான் எடைக்கு அழுகோணும்.

அவ சொன்ன மத்ததையும் சொல்லிப்போடறேன், இல்லீன்னா சோறு கெடைக்காது. அரை கிலோ முன்னப் பின்ன இருக்கறது கைக்குத் தெரியாதாம், மடக்கறதுதான் உசிரை எடுக்குதாம். இடது இடுப்புல கொழந்தை, வலது கை மட்டும் சும்மா இருக்குது, அந்த ஒரு கைல மடங்கோணும். எங்க வண்டி மடங்க ரெண்டு கையும் ஒரு காலும் வேணும். வெளிய போன எடத்துல கொழந்தைய யாருகிட்டக் குடுக்கறது? அவ ஒரு தடவை பஸ் ஸ்டாப்புல முன்னப் பின்னத் தெரியாத காலேஜ் புள்ளைகிட்டக் குடுத்துட்டு மடக்கியிருக்கறா. எனக்குக் கேட்டதும் வவுறு கலக்கிருச்சு. கடைல கடைக்காரரு மடக்கிக் காட்டுவாரு, அவரு தெனமும் நூறு வாட்டி மடக்கறவரு. நீங்க மடக்குங்க, இடுப்புல ஏதாவது ஒரு பையத் தூக்கி வெச்சுட்டு.

பிரேக்கு இன்னொண்ணு. சில வண்டில பிரேக்க எடுக்க கால் விரல அடியில குடுத்து மேல தூக்கோணும். ஷூ போட்ட ஊர்க்காரன் வரைஞ்சது அது. நாம செருப்புல போறவங்க, நகம் பேந்துரும். மேல இருந்து மிதிச்சாலே போடறதும் எடுக்கறதும் ஆகற மாதிரி இருக்குது, அதப் பாருங்க.

இனி நான் சொல்றது. உங்க வூட்டுல காரு இல்லீன்னா ஸ்கூட்டர் கணக்குப் போடுங்க. குடை மாதிரி மடங்கறது ஒல்லியா இருந்தாலும் கம்பு மாதிரி நீளமா நிக்கும், ஆக்டிவால முன்னாடி வெச்சா ஹேண்டில்ல இடிக்கும். மூணா மடங்கி சூட்கேஸ் மாதிரி ஆகறது கால் வெக்கற எடத்துல நின்னுக்கும். விமானத்துல மேல வெக்கறதுக்குன்னு வந்த யோயோங்கற வெளிநாட்டு வண்டி மடக்குனா 52க்கு 44க்கு 18 செண்டிமீட்டர்தான், வெலை கேட்டா மயக்கம் வரும், ஆனா அதே மாதிரி மடங்கறது நம்மூரு கம்பெனிக பலதுலயும் வந்துருச்சு. சேரன் எக்ஸ்பிரஸ்ல கீழ் பெர்த்துக்கு அடியில தள்ளிவுட்டு மெட்ராஸ் வரைக்கும் போனோம் சகலை வண்டிய. எங்களுத எடுத்துட்டுப் போயிருந்தா கதவுலயே நின்னிருக்கும்.

22 ஜனவரி 2024

சக்கரம் கீச் கீச்சுன்னா என்ன பண்றதுன்னு கேட்டவருக்கு: தேங்கா எண்ணெய் மட்டும் ஊத்தாதீங்க. எங்க வூட்டுல ஊத்தியாச்சு. 24 டிகிரிக்குக் கீழ போனா அது ஒறையும், மார்கழிக் காலைல கோயமுத்தூருல ஒறையத்தான் செய்யும், ஒறைஞ்சதுல தூசி ஒட்டி அரைச்ச மாவாட்ட ஆயிருச்சு. சக்கரத்துக்குள்ள இருக்கறது பேரிங் இல்லீங்க, வெறும் பிளாஸ்டிக் புஷ், அச்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல போடற வளையம். எங்களுதுல அது தேஞ்சு போச்சு. பட்டறைல கடைசல் புடிச்சு மாத்தோணும். இந்த வாரம் பண்ணிப்போடறேன்.

18 பிப்ரவரி 2024

ஸ்ட்ரோலருக்குப் பதிலா வாக்கர் வாங்கிரலாமேன்னு யாரோ கேக்கறாங்க. ரெண்டும் ஒண்ணில்லீங்க. வட்டமா சக்கரம் வெச்சு நடுவுல கொழந்தைய நிறுத்தற அந்த வாக்கர 2004லயே கனடாவுல விக்கக்கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க, நாம எட்டிப் புடிக்கறதுக்குள்ள கொழந்தை படிக்கட்டுக்குப் போயிருது, அதுதான் காரணம். மூணாவது மாடில இருக்கறவன் அத நெனைச்சாலே வேர்க்குது. நடைவண்டின்னா மரத்துல மூணு சக்கரம் வெச்சது, அது கொழந்தை தள்ளிட்டு தானா நடக்கறது, அது வேற சாதி.

புஷ் இன்னும் மாத்தல.

28 ஏப்ரல் 2024

ஈரோட்டுல 42 டிகிரி. கொடுமுடிக்கு ஒறம்பரையாப் போனவங்க நாங்க, ரெண்டு நாளும் வூட்டுக்குள்ளயே கெடந்தோம்.

ஒண்ணே ஒண்ணு சொல்லத்தான் வந்தேன். வெயில் படக்கூடாதுன்னு வண்டி மேல துண்டோ துப்பட்டாவோ போட்டு சுத்தி மூடறாங்க, நானும் போட்டிருக்கறேன். போடாதீங்க. மெல்லிசு துணியா இருந்தாலும் உள்ள காத்து நின்னு வேக்காடு ஏறிரும், வெளிய இருக்கற நமக்குத் தெரியாது. நான் மூடிட்டு கொடுமுடி கடைவீதில கால்மணி நேரம் நின்னுட்டு, கைய உள்ள விட்டா இட்லிக் கொப்பரை. பாப்பா செவந்து போயி அழுகக்கூட இல்ல, அதுதான் என்னைப் பயமுறுத்துச்சு. தண்ணி குடுத்து நனைச்ச துணில தொடைச்சு நெழல்ல வெச்சதும் செரியாச்சு. அன்னிக்கு ராத்திரி வூட்டுக்காரி ஒரு வார்த்தை பேசல.

குடை பெருசா, பின்னால வலை சன்னல் வெச்சதா பாத்து வாங்குங்க, கருப்புத் துணி வேண்டாம். சீட்டு பாலியஸ்டரா இருந்தா முதுகுல வேர்க்குரு வரும். திருப்பூர் காதர்பேட்டைல பனியன் துணி வாங்கி ஒரு சுத்து மேல போட்டோம், நல்லா இருக்குது, அழுக்கானா தொவைச்சுக்கலாம். தடி மெத்தை போடாதீங்க, பெல்ட்டு லூசாயிரும். காலைல எட்டுக்கு முன்னால, சாயங்காலம் அஞ்சரைக்கு மேல. நடுவுல வண்டிய மறந்துருங்க.

9 ஜூன் 2024

கைப்பிடில பையி மாட்டாதீங்கன்னு குறிப்புப் புத்தகத்துல படம் போட்டு சிவப்புக் கோடு அடிச்சிருக்குது. எல்லாரும் மாட்டுவோம். நேத்து உழவர் சந்தைல ரெண்டு கிலோ தக்காளி, ஒரு பூசணிக்கா மாட்டியிருந்தேன். பாப்பா எறங்கறேன்னு அடம் புடிச்சுச்சு, எறக்கி விட்டேன். முன்னால கனம் போனதும் வண்டி அப்படியே பொட்டுனு மல்லாந்துச்சு. பாப்பா வெளிய நின்னு கை தட்டறா. அவ உள்ள இருந்து நான் பையில இன்னும் ஒரு பூசணிக்கா போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு நெனைச்சு ராத்திரி தூக்கம் வரல. சாமான கீழ கூடைல போடுங்க.

இன்னொரு பயம், மடக்கற மூட்டு. விரிக்கறப்ப கொழந்தை கிட்ட வந்து கைய வெக்கும், நம்ம கண்ணு வண்டி மேல இருக்கும். நான் மேல புகழ்ந்தேனே அந்த மெக்லாரன், அந்தப் பேர்ல வர்ற வண்டில மூட்டுல மாட்டி கொழந்தைங்க விரல் நுனி போனதா 12 புகார் வந்து 2009 நவம்பர்ல அமெரிக்காவுல மட்டும் சுமார் பத்து லட்சம் வண்டிக்கு திரும்பப் பெறுதல் அறிவிச்சாங்க, மூட்டுக்கு மூடி அனுப்பி வெச்சாங்க. ஏரோப்ளேன் மூளையா இருந்தாலும் கத்திரிக்கோல் கத்திரிக்கோல்தான். கொழந்தைய ரெண்டடி தள்ளி நிறுத்திட்டு விரிங்க, விரிச்சு பூட்டு விழுந்த சத்தம் கேட்டதும் ஒக்கார வைங்க. கடைல மூட்டு மேல மூடி இருக்குதான்னு தடவிப் பாருங்க, காந்தத்தோட அதையும் சேத்துக்குங்க.

30 ஜூன் 2024

படிக்கு அடியில பூட்டி வைங்கன்னு சொன்னேன்ல. பூனை குட்டி போட்டிருக்குது, வண்டிக் கூடைல. மூணு. கீழ் வூட்டு ஆத்தா அதுங்க கண்ணு முழிக்கற வரைக்கும் வண்டிய அசைக்கக்கூடாதுன்னுட்டாங்க. சொன்னது தப்புன்னு சொல்லல, ஒரு மூடி போட்டு வைங்க.

18 ஆகஸ்ட் 2024

கோபி தங்கச்சி ஒரு வருசம் கழிச்சு எழுதியிருக்கறாங்க. படிக்கு அடியில எடம் இல்லியாம், மோட்டாரு இருக்குதாம். 6.4 கிலோ, மூணா மடங்கறது, ஒரு கைல மடங்குதாம், ஒம்பதாயிரத்துச் சொச்சம். பையனுக்கு ஆறாம் மாசத்துல வாங்கியிருக்கறாங்க. அஞ்சு கிலோவுக்குள்ள வூட்டுக்காரரு பாத்து வெச்சத வாங்கல, சீட்டு படுக்கலைன்னு. "இடுப்பு எதுக்கு இருக்குது"ன்னு கேட்ட மாமியார்தான் இப்ப தெனமும் சாயங்காலம் தள்ளிட்டுப் போறாங்களாம், முட்டி வலிக்குதுன்னு கைப்பிடியப் புடிச்சுட்டு நடக்க தோதா இருக்குதாம். வேற யாரையும் தள்ள விடறதில்லியாம். அவங்க ஒசரத்துக்குக் கைப்பிடி சரியா வந்திருக்கோணும், இதப் பத்தி நான் ஒரு எடத்துலயும் எழுதல பாருங்க. எங்க வண்டில கைப்பிடி என்ற வூட்டுக்காரிக்கு நெஞ்சு வரைக்கும் வரும், எனக்கு இடுப்புல இருக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு கேட்டவருக்கு: தாராளமா. பெல்ட்டு கொக்கி, பிரேக்கு, ரிவிட் மூணையும் பாருங்க, துணிய தொவைச்சுக்கலாம். பிரேக்கு போட்டு சரிவுல நிறுத்தி உள்ள ஒரு அரிசிப் பைய வெச்சுப் பாருங்க. எங்களுத கேக்காதீங்க, பூனை இப்பத்தான் காலி பண்ணியிருக்குது.

15 செப்டம்பர் 2024

புஷ் மாத்திட்டேனுங்க. இந்த வாரம்னு சொல்லி எட்டு மாசம் ஆச்சு, யாரும் எண்ண வேண்டாம். நைலான் ராடுல நாலு கடைசல் புடிச்சு, ஒரு துளி சிலிகான் ஸ்பிரே விட்டு மாட்டுனேன். மெஷின்ல வெச்சுப் பாத்தேன், கூடையக் காலி பண்ணிட்டுத்தான், நாலு கிராம் எச்சா. சத்தம் சுத்தமா போச்சு, ரேஸ்கோர்ஸ்ல தள்ளுனா காத்துல போற மாதிரி இருக்குது.

பாப்பாவுக்கு இப்ப ரெண்டு வயசு ஆகப்போகுது, நடக்கறதுதான் எச்சு, தூங்கறதுக்கு மட்டும் வண்டி. நேத்து ரெண்டு சுத்து தள்ளியும் கண்ணு மூடல. மூணாவது சுத்துல எட்டிப் பாத்து "கீச் எங்க"ங்கறா. வூட்டுக்காரி என்னையப் பாத்தா. அந்தப் பழைய புஷ் நாலும் பட்டறைல எங்க போட்டேன்னு காலைல இருந்து தேடிட்டு இருக்கறேன், பையன் மேல இந்தத் தடவை சந்தேகப்படல.